குருவாயி தொட்டு வைத்த சேனை

முதலையும் மீனும், மரத்தைத் துளைக்கிற பூச்சியும்கூட மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதப் பிறவிக்குப் பல்வலி என்ற ஒன்று கிடையாது. தலைவலி இருந்தது, வயிற்றுவலி இருந்தது, பிள்ளைவலி இருந்தது. பல் மட்டும் கருங்கல்லில் செதுக்கியது போல இருந்தது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தால் அதோடு சரி. ஆள் கிழவனாகிக் கட்டையில் போகும்வரை அது அசையாது. தேனடையை அப்படியே கடித்துத் தின்றுவிட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் படுத்துக்கொள்வார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அப்போது ஓர் ஆறு, மலையை விட்டு இறங்கியதும் இரண்டாகப் பிரிந்து ஓடி, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்று சேர்ந்தது. நடுவில் இருந்த மண்திட்டில் ஓர் ஊர். நடுத்திட்டு என்று அதற்குப் பேர். அந்த ஊர் மருத்துவச்சிதான் குருவாயி. ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் யாருக்கு வலி கண்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கறுத்து, ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். பார்த்ததும் மயங்க வைக்கிற அழகு ஒன்றும் இல்லை. ஆனால் வாயைத் திறந்து சிரித்தாளானால், வெள்ளரி விதையைக் கழுவி அடுக்கி வைத்தது போலப் பல்வரிசை பளிச்சிடும். வலியில் துடிக்கிற பெண்கள் முதலில் பார்ப்பது அந்தச் சிரிப்பைத்தான். "இவ சிரிச்சுக்கிட்டே வர்றாளே, அப்போ நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று அவர்களுக்கு மனசு ஆறிவிடும்.

அவள் புருஷன் சடையன் பரிசல் ஓட்டுகிறவன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளைக் கட்டினான். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தான். குருவாயிக்கும் தன் பல்லைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. பல் துலக்க ஆலங்குச்சி ஒடிக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது.

பிரிந்த ஆற்றின் பெரிய கிளை வளைகிற இடத்தில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அதில் ஒரு பெரிய முதலை. பேரைச் சொன்னால் காதில் விழுந்துவிடும் என்று பயந்து, ஊரார் அதை 'மடுக்காரர்' என்றே சொல்லி வந்தார்கள். மடுக்காரருக்கும் ஊருக்கும் ஒரு பேச்சு இருந்தது. பரிசலை அவர் தொடமாட்டார். வலை போடுகிறவர்கள் முதலில் கிடைக்கிற மீனை அவருக்கு வீசிவிட வேண்டும். இரண்டு பக்கமும் சொன்ன சொல் தவறாமல் இருந்தார்கள்.

ஒரு வருஷம் மலையில் நல்ல மழை. புது வெள்ளம் காட்டுக் கட்டைகளை உருட்டிக்கொண்டு வந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்த மடுக்காரர், மிதந்து வந்த ஊறிப்போன கட்டை ஒன்றை மான் என்று நினைத்து நறுக்கென்று கடித்துவிட்டார். அந்தக் கட்டைக்குள் ஒரு பூச்சி குடியிருந்தது. வெள்ளை நூல் துண்டு போல உடம்பு, எள்ளின் நுனி போலத் தலை. கட்டை இரண்டாகப் பிளந்து தண்ணீரோடு போய்விட்டது. பூச்சி மட்டும் முதலையின் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. துளைப்பது அதன் பிறவித் தொழில். வாயில் அகப்பட்டது மரமா பல்லா என்று அது பார்க்கவில்லை. துளைக்க ஆரம்பித்தது.

மடுக்காரர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தாடையைப் பாறையில் மோதினார். சேற்றில் வாயைப் புதைத்துப் பார்த்தார். வலி தாங்காமல் வாலைச் சுழற்றி அடித்ததில் கரையோரத்து நாணல் எல்லாம் மண்ணோடு படுத்தது. அந்த வழியாக வந்த ஒரு பரிசலும் நொறுங்கிப் போனது. அதில் இருந்தவர்கள் நீந்திப் பிழைத்ததே பெரிது. அதன் பிறகு பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். ஆற்றைக் கடக்க ஆளில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் முற்பகலில் எதிர்க்கரையிலிருந்து ஓர் ஆள் தொண்டை கிழியக் கத்தினான். கரைப்பட்டி முனியன். அவன் பெண்டாட்டி நல்லக்காள் தலைப்பிள்ளைக்காரி.

"சடையண்ணே! மருத்துவச்சியைக் கூட்டிட்டு வாங்க! பிள்ளை குறுக்க கெடக்கு, கை வெளிய வந்துருச்சு!"

குருவாயி கஞ்சிக் கலயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எண்ணெய்க் குப்பியையும் துணிச்சுருளையும் மடியில் கட்டிக்கொண்டு துறைக்கு வந்தாள்.

"பரிசலைத் தள்ளுங்க மாமா."

சடையன் நகரவில்லை. "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அந்தாளு கண்ணைப் பார்த்தியா? ரத்தமா செவந்து கெடக்கு. நடு ஆத்துல மறிச்சான்னா எலும்புகூட மிஞ்சாது புள்ளே."

"நாம போகலேன்னா அங்க ரெண்டு உசிரு போயிரும்."

"போனா நம்ம ரெண்டும் சேர்ந்து போகும். நாலாகும்."

"போகாட்டி ரெண்டு போறது நிச்சயம். போனா நாலும் பொழைக்கறதுக்கும் ஒரு வழி இருக்குல்ல?"

சடையனுக்கு அவளிடம் பேசி ஜெயித்த பழக்கம் இல்லை. கவிழ்த்திருந்த பரிசலைப் புரட்டினான். முணுமுணுத்துக்கொண்டே துடுப்பை எடுத்தான்.

பரிசல் பாதி ஆற்றைத் தாண்டவில்லை. தண்ணீர் கொப்பளித்தது. மடுக்காரர் பரிசலுக்கு நேர் எதிரே தலையைத் தூக்கினார். சடையன் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டான். குருவாயிக்கும் பயம்தான். ஆனால் எத்தனையோ பெண்களின் முகத்தை வலிக்கிற நேரத்தில் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்ததுமே அது கோபமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மடுக்காரரே, எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

முதலை திகைத்துப்போனது. "பல்லுன்னு உனக்கு யார் சொன்னது?"

"தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு வெச்சிருக்கீங்க. தாடை வீங்கியிருக்கு. வலிக்கிற இடத்தை எல்லாரும் இப்படித்தான் தாங்கிப் பிடிப்பாங்க. வாயைத் தொறங்க, பார்க்கறேன்."

"வேண்டாம் தாயி," என்றார் மடுக்காரர். அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போலக் கெஞ்சியது. "வலி வெட்டுச்சுன்னா என் வாய் என் பேச்சைக் கேக்காது. மூடிருவேன். அப்புறம் பழி எனக்கு வரும்."

"வெட்டுறதுக்கு முந்திச் சொல்லிருங்க. கையை எடுத்துக்கறேன்."

அவர் திறந்தார். சடையன் என்ன நினைத்தானோ, துடுப்பைச் செங்குத்தாக அந்த வாய்க்குள் நிறுத்தி, மேல்தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டான். பிடியை அவன் தளர்த்தவில்லை. குருவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒரு பல்லில் கறுப்பாக ஒரு குழி. துணிச்சுருளில் குத்தி வைத்திருந்த வேலமுள்ளை எடுத்துக் குழிக்குள் விடப்போனாள்.

"அம்மா, குத்திராதே!" என்று உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம். "நான் பிள்ளைத்தாச்சி!"

குனிந்து பார்த்தாள். குழியின் வாசலில் பூச்சி தலையை நீட்டியது. அதன் நூல் உடம்பு நடுவில் உப்பிக் கிடந்தது.

"ஆ... இழு! நசுக்கிப் போடு!" என்றார் மடுக்காரர், திறந்த வாயோடு.

"இவர் வாயைத் தேடி நானா வந்தேன்?" என்று அழுதது பூச்சி. "நான் பாட்டுக்கு என் கட்டையில இருந்தேன். இவர்தான் என் வீட்டைக் கடிச்சார். முட்டையைப் பத்திரமா ஒரு இடத்துல வைக்கணுமேன்னு துளைச்சேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

"வெளிய வா. கரையில விட்டுடறேன்."

"இந்த வெயில்ல நான் காஞ்சு போவேன்."

"தண்ணியில?"

"மீன் முழுங்கிரும்."

"இந்தத் துடுப்புக்குள்ள போயிடறியா?"

"காஞ்ச மூங்கில்ல முட்டை பொரியாது அம்மா. ஈரமும் வேணும், சூடும் வேணும்."

எதிர்க்கரையில் முனியன் தலையில் அடித்துக்கொண்டு கத்துவது கேட்டது. குருவாயி முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே இருந்தாள். இழுத்து எறிந்துவிட்டால் முதலை வழிவிடும். பரிசல் போய்ச் சேரும். பூச்சிதானே என்று ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஆனால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் குத்திக் கொன்ற கையோடு போய், இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைத் தொடுவது எப்படி? அந்தக் கை அவள் சொன்னதைக் கேட்குமா?

"என் வாயில ஈரமும் இருக்கு, சூடும் இருக்கு," என்றாள். "வா."

சடையன் அலறினான். "குருவாயி! வேண்டாம்டி! உன் பல்லு..."

"துடுப்பைப் பார்த்துப் பிடிங்க மாமா."

முள்ளின் நுனியைக் குழியருகே நீட்டினாள். பூச்சி அதில் சுற்றிக்கொண்டது. அதை அப்படியே தன் வாய்க்குக் கொண்டுபோய், கடைவாய்ப் பல்லின் மேல் இறக்கிவிட்டாள். பூச்சி அங்கே ஒருமுறை வட்டமடித்துவிட்டு, துளைக்கத் தொடங்கியது. காதிலிருந்து நெற்றிப்பொட்டுவரை மின்னல் வெட்டியது போல ஒரு வலி. மனிதர்களில் முதன்முதலாகப் பல்வலி கண்டவள் அவள்தான்.

வலி விட்ட மடுக்காரர் கண்ணீர் விட்டார். தன் மூக்கால் பரிசலை முட்டித் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் சேர்த்தார். இனி இப்படி ஒரு வேதனை வேண்டவே வேண்டாம் என்று, அதற்குப் பிறகு முதலைச் சாதியே ஒவ்வொரு பல்லுக்கு அடியிலும் மாற்றுப் பல் ஒன்றை வளர்த்துக்கொண்டது என்பார்கள்.

நல்லக்காளின் குடிசையில் கூடியிருந்த பெண்கள் ஏற்கெனவே அழத் தொடங்கியிருந்தார்கள். குருவாயி உள்ளே போனாள். எப்போதும் போலச் சிரித்தாள். கண்ணோரம் நீர் கோத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"என்ன ஆத்தா, உன் பிள்ளை எட்டிப் பார்க்க அவசரப்படுதோ? கையை மட்டும் நீட்டி மழை பெய்யுதான்னு பார்க்குது போல."

நல்லக்காள் அந்த வேதனையிலும் லேசாகச் சிரித்துவிட்டாள். குருவாயி கையில் எண்ணெய் தடவிக்கொண்டாள். வெளியே வந்த சின்னக் கையை மெதுவாக உள்ளே தள்ளி, வயிற்றின் மேல் ஒரு கையும் உள்ளே ஒரு கையுமாகப் பிள்ளையைத் திருப்பத் தொடங்கினாள். வாய்க்குள் பூச்சி துளைத்துக்கொண்டே இருந்தது. வலி வெட்டும்போதெல்லாம் துணிச்சுருளைக் கடித்துக்கொண்டாள். கை நிதானம் தவறவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்து, சத்தமில்லாமல் கிடந்தது. அதன் வாயில் வாய் வைத்து ஊதினாள். முதுகைத் தடவினாள். மறுபடி ஊதினாள். குழந்தை ஒரு தும்மல் போட்டுவிட்டு வீறிட்டது. வெளியே நின்ற முனியன் மண்ணில் விழுந்து கும்பிட்டான். குருவாயி தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்து, கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

அதன் பிறகு பூச்சி முட்டையிட்டது. முட்டை பொரிந்தது. குஞ்சுகள் பசியோடு கடைவாயிலிருந்து ஒவ்வொரு பல்லாகத் தின்றுகொண்டே முன்னால் வந்தன. பளிச்சென்று இருந்த பல் மஞ்சளாகி, கறுத்து, ஓட்டையாகி, உடைந்து விழுந்தது. சடையனால் அதைப் பார்க்க முடியவில்லை. தானியக் குதிரில் பூச்சி விழுந்தால் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை போடுவது ஊர் வழக்கம். அவன் விதையையும் நெருப்புச் சட்டியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"வாயைத் திற புள்ளே. ஒரு இழுப்பு புகை போதும். எல்லாம் பொத்துப் பொத்துன்னு விழுந்துரும்."

"இப்பத்தான் மாமா பொரிச்சிருக்கு. பச்சைப் பிள்ளைங்க."

"நீ பச்சைத் தண்ணி குடிக்க முடியாமத் துடிக்கிறே. அதுக்கு யார் பாவப்படுவா?"

"நீங்க படறீங்கல்ல. அது போதும்."

சடையன் சட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிட்டு, துறையில் போய் உட்கார்ந்துகொண்டான். வெகுநேரம் அவன் வீட்டுக்கு வரவில்லை. வந்தபோது, அவளுக்குக் கடிக்க வேண்டாத கேழ்வரகுக் கூழை அவனே காய்ச்சினான். அன்றிலிருந்து அவன் கையால்தான் அவளுக்குக் கூழ்.

கடைசிப் பல்லும் போன பிறகும் குருவாயி பிரசவம் பார்ப்பதை விடவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. வெறும் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டுதான் போனாள். வலிப்பட்ட பெண்கள் முதலில் திடுக்கிட்டார்கள். பிறகு அவளைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். குறை ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் சில காலம் கழித்து ஊரில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. வலை போடுகிற ஓர் ஆள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உருண்டான். அடுத்து அவன் மகள். அடுத்து கரைப்பட்டியில் யாரோ. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு முனகினார். அந்த வலி என்னவென்று வேறு யாருக்கும் தெரியவில்லை. குருவாயிக்குத் தெரிந்தது. அவள் ஆற்றங்கரைப் புங்கமரத்தடிக்குப் போய், தன் ஈறோரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த தாய்ப்பூச்சியைக் கூப்பிட்டாள். அது கிழடாகி, நகர மாட்டாமல் கிடந்தது.

"உன் பிள்ளைங்களைத் திரும்பக் கூப்பிடு."

"வரமாட்டாங்க அம்மா. கட்டை எப்படி இருக்கும்னே அவங்களுக்குத் தெரியாது. பொறந்ததிலிருந்து மனுஷ வாய்தான் அவங்களுக்கு வீடு. தேனும் பழமும் ருசி கண்டுட்டாங்க."

"அப்போ நான் இரக்கப்பட்டதுக்கு ஊரே வலி அனுபவிக்கணுமா?"

பூச்சி கிழட்டுத் தலையை மெல்லத் தூக்கியது. "நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல. நீ செய்யலேன்னா நானும் இல்ல, அவங்களும் இல்ல. அது மட்டும்தான் தெரியும்."

குருவாயி தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். அதுவரை எந்த வலிக்கும் ஒடியாதவள், அன்றைக்கு ஒடிந்துபோனாள். அதைப் பார்த்த பூச்சி சொன்னது:

"ஒண்ணு சொல்றேன் கேளு. உன் பல்லைத் தின்னப்போ அவங்களுக்குக் கண் திறக்கல. கண் திறந்து பார்த்தா, நீ ஒரு பல்லுகூட இல்லாம யாரோ ஒருத்திக்குச் சிரிச்சுக்கிட்டு இருந்தே. அன்னைக்கு வெட்கப்பட்டு வெளிய போனவங்கதான் எல்லாரும். உன் எச்சில் இருக்கே, அது அவங்களுக்குப் பொறந்த வீட்டு வாசனை. அந்த வாசனை எந்த வாயில அடிச்சாலும் அங்க துளைக்க அவங்களுக்கு மனசு வராது. அவங்க பிள்ளைங்களுக்கும் வராது. சுத்தி வந்து பார்த்துட்டுப் போயிருவாங்க."

"வளர்ந்தவங்க வாயில அது தங்குமா?"

"தங்காது. பல்லு முளைக்கிறதுக்கு முந்தி ஊறணும். அப்படி ஊறினா ரத்தத்துல ஏறி வாரிசுக்கும் போகும்; ஒரு பிள்ளைக்கு வரும், ஒண்ணுக்கு வராமலும் போகும்."

இதைச் சொல்லிவிட்டுப் பூச்சி கண்ணை மூடியது. குருவாயி அதை எடுத்து, ஈரம் காயாத ஒரு கட்டையின் பொந்தில் வைத்து மூடினாள். வீட்டுக்கு வந்து சடையனிடம், "மாமா, நாம கிளம்பணும்," என்றாள்.

"எங்க?"

"எங்கெல்லாம் பிள்ளை பிறக்குதோ அங்கெல்லாம்."

அன்றிலிருந்து அவள் வீட்டில் தங்கிய நாள் கொஞ்சம். பூச்சிகள் பரவுகிற வேகத்துக்கு அவளும் ஓடினாள். ஆற்றில் போகிற தூரத்துக்குச் சடையன் பரிசலில் கொண்டுபோனான். மற்ற தூரம் நடந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டு வாசலில் நின்று, உள்ளே விடச் சொல்லிக் கேட்பாள். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேனைத் தொட்டு, தன் நாக்கில் வைத்து எடுத்து, பிள்ளையின் நாக்கில் தடவுவாள். அதுவரை அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அதற்குச் சேனை வைப்பது என்று பேர் வந்தது.

எல்லா வீட்டுக் கதவும் திறக்கவில்லை. ஓர் ஊரில் பெரிய பண்ணை வீடு. அந்த வீட்டு மாமியார் அவளைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். "பல்லு போன வாயி. அந்த எச்சிலையா எங்க வம்சத்துக்கு வைக்கப் பார்க்கறே? வாசலை விட்டு எறங்கு!"

குருவாயி இறங்கிவிட்டாள். சடையனுக்குக் கோபம் பொங்கியது. "வா, ஊருக்குத் திரும்புவோம். இவங்க பிள்ளைங்க பல்லு போனா நமக்கென்ன?"

"பிள்ளை என்ன பண்ணுச்சு மாமா? அது என்னை வேண்டாம்னு சொல்லலியே."

அதே ஊரின் கடைசியில் சுண்ணாம்பு சுடுகிறவர்களின் குடிசைகள். அங்கே ஒருத்திக்கு அன்றுதான் குழந்தை பிறந்திருந்தது. அவள் குருவாயியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன தாயி வைக்கப் போறீங்க?"

"என் எச்சில்தான் ஆத்தா. கேக்க நல்லா இருக்காது. ஆனா பிள்ளைக்குப் பல்லு நிக்கும்."

"உங்களுக்கே ஒரு பல்லு இல்லையே!"

"என்னுதை எல்லாம் குடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறது இதுதான்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக் குருவாயியின் மடியில் வைத்தாள்.

அந்தப் பேச்சு எப்படியோ பண்ணை வீட்டு மருமகளின் காதுக்குப் போனது. மூத்த பையனுக்கு மாமியார் விடவில்லை. அடுத்து ஒரு பெண் பிறந்தபோது, குருவாயி ஊருக்குள் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கிணற்றடிப் பக்கமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வேலிக்கு மேலே நீட்டினாள். "சீக்கிரம் அம்மா, அத்தை பார்த்துருவாங்க." குருவாயி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சேனை வைத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அண்ணனுக்குப் பல் சொத்தையாகி, தங்கைக்கு மட்டும் பல் நின்றது அப்படித்தான். இப்படி எத்தனையோ வீடுகள்.

வருஷங்கள் ஓடின. குருவாயியின் நடை தளர்ந்தது. சடையன் அவளை முதுகில் சுமந்து நடந்தான். அவனும் கிழவன்தான். கடைசியாக ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே உப்பளத்துக்காரர்களின் குடியிருப்பு. குருவாயி காய்ச்சலில் விழுந்தாள். உடம்பு தணலாகக் கொதித்தது. நாக்கு காய்ந்த இலை போல ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் எழ முடியாமல் கிடந்தவளிடம், பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பன் வந்தான்.

"உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கோம். என் மவனுக்கும் வெச்சிருங்க தாயி."

சடையன், "போப்பா, அவளுக்குப் பேசவே முடியல," என்றான். குருவாயி கையை ஆட்டி அவனைத் தடுத்தாள். விரலை நாக்கில் வைத்து எடுத்தாள். விரல் காய்ந்தே வந்தது. மறுபடி வைத்தாள். ஒரு துளி ஈரம் இல்லை. தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் விரலில் வந்தது, எச்சில் வரவில்லை. குருவாயி சடையனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை அவன் அதுவரை அவளிடம் பார்த்ததில்லை.

அவன் எழுந்து வெளியே போனான். வாசலில் நின்ற புளியமரத்தில் எட்டிய கிளையை வளைத்து, பிஞ்சுப் புளியங்காய் ஒன்றைப் பறித்து வந்தான். அவளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மிச்சமிருந்த முன்பல்லால் அதைக் கடித்தான்.

"ஸ்ஸ்ஸா..." என்று உறிஞ்சினான். ஒரு கண் மூடிக்கொண்டது. தாடை கோணியது. தோள் குலுங்கியது. "அம்மாடி, என்ன புளிப்பு! ஏ புள்ளே, பல்லெல்லாம் கூசுது! உப்பும் மிளகாயும் தொட்டுக்கிட்டா எப்படி இருக்கும் தெரியுமா..."

கண்ணீர் தாரையாக வழிய வழிய அவன் கடித்துக்கொண்டே இருந்தான். அது புளிப்பில் வந்த கண்ணீரா என்று கூடியிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. குருவாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. ஒட்டியிருந்த உதடு மெல்லப் பிரிந்தது. நாக்கின் அடியில் நீர் ஊறியது.

விரலைத் தொட்டாள். ஈரம் பளபளத்தது. சடையன் அவள் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனான். பிள்ளை சட்டென்று அந்த விரலைப் பற்றிச் சுவைத்தது. அது விரலை விடும்போது குருவாயியின் உயிர் போயிருந்தது.

அவள் கைபட்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஊர் விட்டு ஊர் போய்ப் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். அந்த வாரிசு எந்த ஊரில், எந்தச் சாதியில், எந்தத் தெருவில் கலந்திருக்கிறது என்று இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல்தான், ஒரே வயிற்றில் பிறந்து ஒரே மிட்டாயைப் பாதியாகக் கடித்துத் தின்கிற பிள்ளைகளில் ஒன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, இன்னொன்று ஒரு குறையும் இல்லாமல் கரும்பைக் கடித்து இழுத்துக்கொண்டு திரிகிறது. அன்று முதல்தான், பிள்ளை பிறந்த வீட்டில், "நல்ல மனசுக்காரங்களாப் பார்த்துச் சேனை வைக்கச் சொல்லுங்க," என்று ஆள் தேடுகிறார்கள்.